தைக்குள் ஆகுமா

தோல் நோய்ப் பிரிவுக்கு முகத்தில் வியாதியோடு வருகிறவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். கையில் வந்தவர்கள் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். காலில் வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்து, ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, கெட்ட விரலை நல்ல விரலால் மறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். துணைக்கு வந்தவனுக்கு வேறு வேலை கிடையாது. நான் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஐப்பசி, வெள்ளிக்கிழமை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அறைத் தரை முழுக்க ஈரக்கால் தடம். சித்தப்பாவுக்கு முழங்கையில் அரிப்பு. அது இரண்டு நிமிஷத்தில் முடிகிற கதை, ஆனால் டோக்கன் வெகு பின்னால் இருக்கிறது. நீள அறையின் ஒரு கோடியில் மேஜை போட்டு ஐம்பதைத் தாண்டிய டாக்டரம்மா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி மேற்படிப்பு மாணவர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். மறுகோடியில் பச்சைத் திரைக்குப் பின்னால் மைக்ராஸ்கோப் வைத்த சிறிய மேஜை, அதற்கு ஒரு லேப் தம்பி. நடுவில் பெஞ்சுகள். ஒருவர் வியாதி அடுத்தவர் காதில் விழாமல் இருக்க இந்த அறையில் வழியில்லை. விழுந்தால் யாருக்கும் வருத்தமும் இல்லை. பாதிப் பேர் பக்கத்து வியாதியைக் கேட்டுத்தான் பொழுதைப் போக்குகிறார்கள்.

காக்கி பேன்ட்டும் பனியனுமாக ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்காருகிறார். சட்டை மடியில் இருக்கிறது. கழற்றிய சாக்ஸைச் சுருட்டி பேன்ட் பைக்குள் திணித்திருக்கிறார். கணுக்கால் வரை ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம். பூட்ஸுக்குள் வெகுகாலம் வாழ்ந்த பாதம், வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. வலது பெருவிரல் நகத்தின் வெளி மூலை மஞ்சளாகித் தடித்து, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் மாவு மாதிரி ஏதோ அடைத்திருக்கிறது.

“எங்கேர்ந்து ஆரம்பிச்சிருக்கு?” டாக்டரம்மா மாணவர்களைக் கேட்கிறார்.

“நுனி மூலையில மேடம். அங்கேர்ந்து வேரைப் பாக்கப் போகுது.”

“அப்ப என்ன?”

“பூஞ்சை மேடம்.”

“பாதிப் பேருக்குத்தான்,” என்கிறார் அவர். “நகக் கோளாறுன்னு வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை. மீதிப் பாதிக்கு மாத்திரை எழுதிக் குடுத்தா நீ டாக்டர் இல்ல, மெடிக்கல் ஷாப்.”

போலீஸ்காரர் யார் பக்கமும் பார்க்காமல் சுவர் காலண்டரைப் பார்க்கிறார். டாக்டரம்மா அவருடைய நாலாவது, அஞ்சாவது விரல்களை விரித்துப் பார்க்கிறார். இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருக்கிறது. கிராமத்தில் சேற்றுப்புண் என்பது இதைத்தான், சேற்றில் கால் வைக்காதவருக்கும் வரும். இங்கே குடியிருந்த பூஞ்சைதான் நாளாவட்டத்தில் நகத்துக்கு ஏறுகிறது. அடுத்து, தணிந்த குரலில், “தொடையிடுக்குல?” என்கிறார். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். “என்ன க்ரீம் போட்டீங்க?” சட்டைப் பையிலிருந்து ஒரு டியூப் வெளியே வருகிறது, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி முக்கால்வாசி தீர்ந்த டியூப்.

டாக்டரம்மா அதை வாங்கி மாணவர்களிடம் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, நடுவில் குளோபெட்டசோல் என்கிற கடுமையான ஸ்டீராய்டு. போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும், சிவப்பு அடங்கிவிடும், மருந்து நல்ல மருந்து என்று பெயரும் வாங்கிவிடும். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டை. சண்டையை நிறுத்தினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பத்துப் பதினைந்து வருஷமாக நம் ஊர்களில் படர்தாமரை சொன்ன பேச்சைக் கேட்காமல் திரிகிறது என்று தோல் மருத்துவர்கள் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். டெர்பினாஃபின் என்கிற பூஞ்சை மருந்துக்கு அடங்காத ஒரு வகைக்கு 2020-ல் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. ஊர்ப் பெயரைச் சேர்த்தே வைத்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு டியூபைக் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கிற கைகளுக்கு இந்தப் பெயரில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். டாக்டரம்மா டியூபைக் குப்பைக் கூடையில் போடுகிறார். போலீஸ்காரர் அதைக் கண்ணால் பின்தொடர்கிறார்.

நகத்தில் அதிகம் காணப்படுவது இண்டோடினியே இல்லை, அதன் பங்காளி டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். இதற்கு ஒரு பயணக் கதை உண்டு. இதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா என்றும், அங்கே வெறுங்காலோடு திரிந்தவர்களுக்கு உடம்பில் படையாக இருந்ததே தவிர காலைப் பிடிக்கவில்லை என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். காலனி ஆட்சியோடு பூட்ஸ் போட்டவர்கள் வந்தார்கள். பூட்ஸுக்குள் வெப்பம், வியர்வை, இருட்டு. பூஞ்சை ஏறிக்கொண்டது. சிப்பாய்களோடும் கப்பல்களோடும் ஐரோப்பா போய் அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவரின் வலது பெருவிரலில் உட்கார்ந்திருக்கிறது, மறுபடியும் ஒரு பூட்ஸுக்குள்.

அவரைப் பச்சைத் திரைக்குப் பின்னால் அனுப்புகிறார்கள். திரை பாதிதான் மூடும், எனக்கு நன்றாகத் தெரிகிறது. லேப் தம்பி ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைக்கிறான். தூக்கி நிற்கிற நுனியை வெட்டி எறிகிறான். வெளிநுனியில் இருப்பது செத்த சரக்கு. உயிரோடு இருக்கிற பூஞ்சை உள்ளே, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற இடத்தில் இருக்கும். அங்கே சிறிய பிளேடை விட்டுச் சுரண்டி, மடித்த காகிதத்தில் தூளைச் சேர்க்கிறான். கண்ணாடிச் சில்லில் கொஞ்சம் தூள், அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இரண்டு சொட்டு. நகத்தின் கெராட்டின் அதில் கரையும், பூஞ்சையின் சுவர் கரையாது. தோல் என்றால் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நகம் முரடு, ஊறவேண்டும். “டீ சாப்பிட்டுட்டு வாங்க சார்,” என்கிறான் தம்பி. அவர் போகவில்லை. தன் நகம் கரைவதைக் காவல் காக்கிறார்.

அடுத்த டோக்கன் ஓய்வுபெற்ற வாத்தியார். வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் தேதிவாரியாக அடுக்கிய சீட்டுகள். நோயாளி வாத்தியாராக இருந்தால் டாக்டர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். “மூணு மாசம், ஒரு நாள் விடாம பூஞ்சை மாத்திரை சாப்பிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை,” என்று எங்கேயோ எழுதிக் கொடுத்த சீட்டை மேஜையில் வைக்கிறார். கால் பெருவிரல்கள் இரண்டும் மஞ்சளாகித் தடித்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிற என் கண்ணுக்குப் போலீஸ்காரர் நகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரம்மா கால் பக்கமே குனியவில்லை. “கையக் காட்டுங்க சார்.”

“கால்லதானம்மா—”

“கையைத்தான் காட்டுங்க.”

கை நகங்களில் குண்டூசி முனையால் குத்திய அளவுக்குச் சிறு குழிகள். ஒரு நகத்தடியில் எண்ணெய் ஊறிய காகித நிறத்தில் ஒரு திட்டு. டாக்டரம்மா வாத்தியாரின் முழங்கையைத் திருப்புகிறார், வெள்ளைச் செதில். காதுக்குப் பின்னால் முடியை விலக்குகிறார், அங்கேயும் செதில். “காலைல எழுந்ததும் விரல் மூட்டு பிடிச்சிக்குதா?” வாத்தியார் முதல் தடவையாக ஃபைலைப் பார்க்காமல் பதில் சொல்கிறார்: “ஆமா.” சோரியாசிஸ். மூட்டையும் பிடிக்கிற வகையோ என்று பார்க்க வேண்டும். அதிலேயே பூஞ்சையும் சேர்ந்து இருக்கலாம் என்பதால் இவருடைய நகத்துக்கும் சுரண்டல் உண்டு. “அப்ப அந்த மூணு மாசம்?” என்கிறார் வாத்தியார். டாக்டரம்மா புதிய சீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார், நிமிரவில்லை. விடைத்தாளைத் திருத்தாமலேயே மதிப்பெண் போட்ட வேறு யாரையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி வாத்தியார் ஃபைலை மூடுகிறார்.

திரைக்குப் பின்னால் இதற்குள் சில்லு தயார். லேப் தம்பி குனிந்து பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்து, “சார், நீங்களே பாருங்க,” என்று போலீஸ்காரரை அழைக்கிறான். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். வெகு நேரம் பார்க்கிறார்.

“கோரை வேராட்டம் கிளை விட்டு ஓடுதே தம்பி.”

“அதுதான் சார்.”

நிமிரும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி. குற்றவாளியை நேரில் பார்த்தாகிவிட்டது. எல்லாருக்கும் இப்படிக் கையில் சிக்குவதில்லை. நகத்தில் நன்றாகவே பூஞ்சை இருந்தும் சில்லில் தப்பிவிடுவது சாதாரணம். சந்தேகம் தீராவிட்டால் வெட்டிய துண்டைப் பேதாலஜிக்கு அனுப்பிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

போலீஸ்காரர் மேஜைக்குத் திரும்புகிறார். டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று, 12 வாரம். கைவிரல் நகமாக இருந்தால் 6 வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை.

“குடிப்பீங்களா?”

“இல்ல மேடம்.” பிறகு, “டூட்டி இல்லாதப்ப.” பிறகு, “எப்பவாவது.”

“ரத்த ரிசல்ட் பாத்துட்டுத்தான் மாத்திரை. சாப்பிடுறப்ப நாக்குல ருசி போனாலோ, கண்ணு மஞ்சளானாலோ, மூத்திரம் கறுத்தாலோ நிறுத்திட்டு ஓடி வாங்க. சாக்ஸ தினம் மாத்துங்க. பூட்ஸ் ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்க, ஒண்ணு காயட்டும்.”

“டிபார்ட்மென்ட்ல ஒரு ஜோடிதான் மேடம் குடுப்பாங்க.”

மாணவர் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று மேடத்தைப் பார்க்கிறார்.

நடவு வேலையை விட்டுவிட்டு ஒரு அம்மா வந்திருக்கிறார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகியிருக்கிறார், கெண்டைக்காலில் காய்ந்த சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது. டெல்டாவில் சம்பா நடவின் கடைசி நாட்கள், இன்றைய கூலியை விட்டுத்தான் வந்திருக்க வேண்டும். இந்த அறையில் காலை மறைக்காமல் உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருத்தர்தான். மூன்று விரல்களில் நகம் கரும்பழுப்பாகிப் பொடிந்திருக்கிறது. அதற்கு மேல் செக்கச்செவேல் என்று மருதாணி.

“சொத்தைக்கு நல்லதுன்னு மருதாணி அரைச்சு வச்சேன் டாக்டரம்மா. நகம்தான் செவந்துச்சு.”

“நல்லாச் செவந்திருக்கு. எனக்குத்தான் அடியில என்ன இருக்குன்னு தெரியல,” என்கிறார் டாக்டரம்மா. விரலிடுக்கைப் பார்க்கிறார். “ஈரத்துல நிக்காதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?”

“காயப்போட்ட கால வச்சிக்கிட்டு நடவு எப்படிம்மா நடுறது?”

இதற்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் இருக்காது. டாக்டரம்மா அப்படி ஒன்றும் தேடாமல், “வயல்ல நிக்கிற வரைக்கும் நில்லுங்க. கரையேறினதும் நல்ல தண்ணியில கழுவி, பழந்துணியால விரலிடுக்க ஒத்தி எடுங்க. ராத்திரி படுக்கிறப்ப க்ரீம்,” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் அவர் எனக்குப் பிடித்துப்போனார். நடக்காத காரியத்தைச் சீட்டில் எழுதிவிட்டு, நோயாளி கேட்கவில்லை என்று சொல்கிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

லேப் தம்பியிடம், “ரெண்டு டியூப்ல போடு,” என்று சத்தம் கொடுக்கிறார். ஏன் இரண்டு என்று மாணவர்களைக் கேட்கிறார், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பூஞ்சையை வளர்க்கிற சாபுரோ ஊடகத்தில் காற்றுப் பூசணம் வந்து கெடுக்காமல் இருக்க சைக்ளோஹெக்ஸமைடு என்ற மருந்தைக் கலப்பது வழக்கம். வெப்ப நாட்டு மண்ணிலும் செடியிலும் வாழ்கிற நியோசைட்டாலிடியம் என்கிற பூஞ்சை ஒன்று நகத்தைப் பிடிக்கும், கறுக்க வைக்கும். அது அந்த மருந்தில் வளராது. மருந்து கலந்த டியூப் ஒன்றை மட்டும் நம்பினால், பூஞ்சை இல்லை என்று அறிக்கை வரும், அம்மாவுக்கு நகம் கறுத்தபடியே இருக்கும். ஆகவே கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று. அந்தப் பூஞ்சையாக இருந்தால் வழக்கமான மாத்திரைக்குச் சுலபத்தில் மசியாது என்பதால் பெயர் தெரிந்துகொள்வது முக்கியம். வளர்ந்து தெரிய நாலு வாரம்கூட ஆகும்.

“ஒரு மாசம் கழிச்சா?” அந்த அம்மா விரல் மடக்குகிறார். “களை எடுப்பு முடிஞ்சிடும். வரேன்.”

கொத்தனார் ஒருவரின் கறுத்த நகத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. கல் விழுந்ததாகச் சொன்னார். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார், நக வேரின் தோலுக்குக் கறுப்பு பரவியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். கறுப்பின் பின்விளிம்பில் பிளேடால் ஒரு கீறல் போட்டார். “அடுத்த மாசம் வாங்க. ரத்தக்கட்டா இருந்தா நகத்தோட சேந்து முன்னால நகரும். நகராம அகலமானா, சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும்.” கொத்தனார் போனபின் மாணவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கும் கேட்டது: நம் மக்களுக்கு மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் அபூர்வம், வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் தேட வேண்டும். ஆனால் கறுத்த தோல்காரர்களின் பல நகங்களில் மெல்லிய கறுப்புக்கோடு சும்மாவே ஓடும், அதைப் பார்த்து ஆளைப் பயமுறுத்திவிடாதே.

ஒரு பெரியவரை மருமகள் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். வெறுங்கால். டாக்டரம்மா எழுந்தேவிட்டார்.

“சுகர் பேஷன்ட்ட யாருய்யா செருப்பக் கழட்டச் சொன்னது?”

வாசல் ஊழியர் வேறு பக்கம் பார்க்கிறார். மருமகள் ஓடிப்போய் எடுத்து வருகிறாள். எம்சிஆர் செருப்பு, மெத்தென்ற நுண்துளை ரப்பர். வேலூர்ப் பக்கம் உணர்ச்சியற்ற தொழுநோயாளிகளின் பாதங்களுக்காகப் பழக்கத்துக்கு வந்தது, இன்று சர்க்கரைக்காரர்களின் பாதங்களையும் தாங்குகிறது.

பெருவிரல் நகம் தடித்து, பழுப்பேறி, வளைந்து பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கிறது. பிளேடால் தானே வெட்டப் பார்த்ததாகப் பெரியவர் பெருமையாகச் சொல்கிறார். வெட்டிய காயம் ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. டாக்டரம்மா நைலான் இழை ஒன்றை எடுக்கிறார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே தொடுகிறார்.

“தொடுறப்ப சொல்லுங்கய்யா.”

பெரியவர் காத்திருக்கிறார். இழை வளைகிறது, நிமிர்கிறது, வேறு இடத்தில் வளைகிறது.

“ஆரம்பிங்கம்மா,” என்கிறார் பெரியவர்.

மருமகள் மட்டும் மாமனாரின் காலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கிறாள்.

இவருக்கு இதயம் பலவீனம், இட்ராகொனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை ஆகாது. ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகள் ஒரு பையளவு. டாக்டரம்மாவின் கணக்கு வேறு. நகம் அழகாக வேண்டாம், அழுத்தாமல் இருந்தால் போதும். தடித்த நகம் செருப்பிலும் பக்கத்து விரலிலும் உரசிப் புண்ணாகி, வலி தெரியாமல் சீழ்பிடித்து, விரலில் ஆரம்பித்துக் காலில் முடிகிற கதையை இந்த அறை நிறையப் பார்த்திருக்கிறது. 40 சதம் யூரியா களிம்பை நகத்தின் மேல் மட்டும் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி ஊற வைத்தால் நகம் இளகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துவிடலாம். காயம் ஆறிய பிறகு அது. இப்போதைக்குத் துருத்துகிற முனையை நறுக்கினால் போதும். மாணவர் கொறடு மாதிரியான நக வெட்டியோடு குனிகிறார். பெரியவர் காலை இழுத்துக்கொண்டார்.

“தம்பி, இன்னிக்கு வெள்ளிக்கெழம.”

மாணவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்க்கிறார்.

“இது ஆஸ்பத்திரிங்கய்யா. இங்க எல்லா நாளும் புதன்கெழமதான்.”

பெரியவர் யோசித்தார். பெஞ்சில் எல்லாரும் அவர் முடிவுக்குக் காத்திருந்தோம். காலை நீட்டினார்.

இந்த நேரமெல்லாம் எனக்கு எதிர்ப் பெஞ்சில் ஒரு தாயும் மகளும். பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். காலின் பத்து விரலிலும் மெரூன் நிறச் சாயம், ஒரு விரல் பாக்கியில்லாமல். தாய் மடியில் மஞ்சள் பை, மூலையில் குங்குமம் வைத்த பத்திரிகைக் கட்டு ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்க்கிறது. கூப்பிட்டதும் தாய்தான் முதலில் எழுந்தாள்.

“தையில முகூர்த்தம் டாக்டரம்மா. அம்மி மிதிக்கிறப்ப மாப்பிள்ளை காலத் தூக்கி வச்சு மெட்டி போடணும். அத்தன சனமும் அங்கதான் பாக்கும். போட்டோக்காரன் வேற குனிஞ்சு எடுப்பான்.”

“சாயத்த எடுக்காம நான் எதப் பாக்கிறது?”

பெண் தயங்கினாள். சிஸ்டர் பஞ்சில் சாய நீக்கியை நனைத்துக் கொடுத்தார். மெரூன் போகப் போக, பத்து நகமும் வெளியே வந்தன. பல நகங்களின் மேல் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுத்திட்டாக. தாய் வாயில் கை வைத்துக்கொண்டாள். “எல்லாத்துலயும் பரவிடுச்சே!”

டாக்டரம்மா பிளேடின் மழுங்கிய பக்கத்தால் ஒரு வெள்ளைத் திட்டை மெல்லச் சுரண்டிப் பார்த்தார். “எத்தன வருஷமாச் சாயம்?”

“காலேஜ்லேர்ந்து டாக்டர். அது போகப் போக மேலேயே அடிச்சிக்குவேன்.”

“இது பூஞ்சை மாதிரி தெரியல. சாயம் உறிஞ்சி நகத்தோட மேல்தோல் உதிர்ந்த வெள்ளை. சாயம் போடாம விட்டாத் தானா வளந்து போயிடும்.” மேலாக வெள்ளையாய்ப் படிகிற பூஞ்சையும் உண்டு என்பதால் தூள் லேப் தம்பிக்குப் போனது. “இந்தப் பெருவெரல்தான் வேற.” இடது பெருவிரல் நுனியில், உள் மூலையில், மஞ்சள். போலீஸ்காரருக்கு இருந்ததில் கால்வாசி. மறைக்க ஆரம்பித்த நகம் இது ஒன்றுதான், மற்ற ஒன்பதும் துணைக்குச் சாயம் பூசிக்கொண்டவை.

சில்லில் கிளைவிட்ட இழைகள் தெரிந்தன. வெள்ளைத் திட்டில் ஒன்றும் இல்லை. தாய் உடனே பேரத்துக்கு வந்தாள்.

“மாத்திரையே குடுத்திருங்கம்மா. எவ்வளவு ஸ்ட்ராங்கா வேணும்னாலும்.”

“தையில கல்யாணம். மாத்திரை மூணு மாசம் ஓடும். அதுக்குள்ள குழந்தை உண்டாச்சுன்னா? வெரல் நகத்துக்காக அந்த வம்பு வேணாம்.” பெண் தலையைக் குனிந்துகொண்டாள், மாணவர்கள் சீட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். “பாதி நகத்துக்கும் கம்மியா இருக்கு, வேர் நல்லா இருக்கு. பூச்சு மருந்து போதும்.” அமோரால்ஃபின் 5 சதம். வாரத்துக்கு ஒரு தடவை நகத்தை அரத்தால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நெயில் பாலிஷ் பூசுகிற மாதிரியே பூச வேண்டும். அந்த அரத்தால் நல்ல நகத்தைத் தொடக் கூடாது.

“எத்தன நாள்ல சரியாகும்?”

டாக்டரம்மா பதில் சொல்லாமல் பெஞ்சின் கோடியைக் காட்டினார். “அண்ணே, இங்க வாங்க.”

ஆட்டோக்காரர் ஒருவர், மாதாமாதம் வந்து பழகிய நடை, கேட்காமலே காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். பெருவிரல் நகத்தில் வேர்ப் பக்கம் பாதிக்கு மேல் தெளிந்த இளஞ்சிவப்பு. முன் பக்கம் பழைய மஞ்சள். நடுவில் பிளேடால் போட்ட ஒரு கீறல். டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். போன முறைக்கும் இப்போதைக்கும் கீறல் முன்னால் நகர்ந்திருக்கிறது.

“மாத்திரைய நிறுத்தி நாலு மாசமாச்சு மேடம். இன்னும் மிச்சம் இருக்கு. இன்னொரு கோர்ஸ் எழுதிடுங்களேன்.”

“மாத்திரை நின்னாலும் மருந்து நகத்துக்குள்ள பல மாசம் இருக்கும்ணே. கோடு நகருது பாருங்க. அது நகர்ற வரைக்கும் நமக்கு வேலை இல்ல. நின்னுச்சுன்னா சொல்லுங்க.”

கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். கை நகம் அதைப்போல இரண்டு மடங்கு. கால் பெருவிரல் நகம் வேரிலிருந்து நுனி வரை புதிதாக வந்து சேர ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும். மருந்து பூஞ்சையை நிறுத்துமே தவிர, கெட்டுப்போன நகத்தை நல்ல நகமாக்காது. அது வளர்ந்து வெளியே தள்ளப்பட வேண்டும், வெட்டி எறிய வேண்டும். 1950-களின் கடைசியில் கிரிசியோஃபுல்வின் வந்தபோது, நகம் வளர்கிற காலம் முழுக்க, ஒன்றரை வருஷம்கூட, மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது, அப்படியும் பலருக்குத் தீரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் டெர்பினாஃபின் வந்து மாத்திரைக் காலத்தை மூன்று மாதமாகச் சுருக்கியது. நகம் வளர்கிற காலத்தைச் சுருக்க ஒருவராலும் முடியவில்லை. சீட்டு எழுத இரண்டு நிமிஷமும் நகம் வளர ஒரு வருஷமும் ஆகிற இந்த வியாதியில், மருந்து பாதியில் நிற்பதற்குக் காரணம் நோயாளியின் சோம்பேறித்தனம் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் நகம் முக்கால்வாசி மஞ்சளாகவே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் யார்தான் நம்பிச் சாப்பிடுவார்கள்? அந்த ஸ்கேலும் பிளேடுக் கீறலும் அந்த நம்பிக்கைக்காகத்தான்.

தாய் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. கார்த்திகை, மார்கழி, தை.

“அப்ப தைக்குள்ள?”

“நாலஞ்சு மில்லிமீட்டர் புது நகம் வரும்.”

“அவ்வளவுதானா?”

“எனக்குப் பத்து மாசம் ஓடிருச்சும்மா,” என்றார் ஆட்டோக்காரர், காலை இறக்கிக்கொண்டே. யாரும் அவரைக் கேட்கவில்லை.

“கெட்ட முனைய ஒட்ட வெட்டிவிட்டு வேணா அனுப்புறேன், பாதி தெரியாது. முகூர்த்தத்தன்னிக்கு ஒரு நாள் சாயம் போட்டுக்கட்டும், மறுநாளே எடுத்துடணும். வீட்டுல இவளுக்குத் தனி நகவெட்டி. பாத்ரூம் மிதியடிய வாரம் ஒரு தடவ வெந்நீர்ல துவைங்க. வீட்டுல வேற யாருக்கும் இந்த மாதிரி இருக்கா? இருந்தா சேத்துப் பாக்கணும். இல்லேன்னா ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் போய்த் திரும்ப வரும். ஒரு தடவ போயிட்டு மறுபடி வர்றவங்க நிறைய.”

தாய், “எங்க வீட்டுல யாருக்கும் இல்லம்மா,” என்றாள், சம்பந்தி வீட்டாரிடம் சொல்கிற குரலில். பிறகு மகள் பக்கம் திரும்பி, “உன் மாமியா கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்,” என்றாள்.

பெண் அதுவரை ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

“அவரும் ஐடி வேலை டாக்டர். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஷூதான். மெட்டி போடறதுக்கு முன்னால அவரு காலையும் ஒரு தடவ இங்க காட்டச் சொல்லலாமா?”

“வாய மூடுடி!” என்றாள் தாய்.

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கத்தில் தோல் பிரிவு நடக்கும் நாட்களை எழுதி, பெண்ணின் கையில் கொடுத்தார்.